சீல் பெட்டியா போர்ட் பெட்டியா, செம்பு வயரா அலுமினிய வயரா: சப் வூபர் போடமுதல் ஒரு அலசல்

காருக்கு சப் (சப் வூபர், அடிப் பேஸுக்கெண்டே இருக்கிற ஸ்பீக்கர்) போடப்போறம் எண்டு வெளிக்கிடுற பெடியள் முதல்ல கேக்கிறது "அண்ணை, 12 இஞ்சி போடவா 15 இஞ்சி போடவா" எண்டுதான். உண்மையா அது கடைசியாக் கேக்கவேண்டிய கேள்வி. ஒரே காசை ரெண்டு விதமாச் செலவழிக்கலாம். ஒண்டு, பெரிய வூபர், மூடியில 2000 வோட்ஸ் எண்டு அடிச்ச அம்ப் (அம்பிளிபயர்), மிஞ்சின காசுக்குக் கிடைச்ச வயர். மற்றது, நல்ல செம்பு வயர், அளவாச் செய்த பெட்டி, உண்மையான 300 வோட்ஸ் குடுக்கிற அம்ப், 10 இஞ்சி வூபர். என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான். கேக்கவும் நல்லா இருக்கும், கனகாலமும் நிக்கும்.

வயரில இருந்தே தொடங்குவம், ஏனெண்டால் இதிலதான் ஆக்கள் கூட ஏமாறினம். யாழ்ப்பாணம் ஸ்டான்லி றோட் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் ரெண்டு வகை வயறிங் கிற் இருக்கும், ஒண்டு முழுச் செம்பு, அதைத்தான் ஓ.எஃப்.சி எண்டுறது, மற்றது சி.சி.ஏ, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. ரெண்டும் ஒரே மொத்தம், ரெண்டிலயும் 4 கேஜ் எண்டு அடிச்சிருக்கும் (கேஜ் இலக்கம் குறையக் குறைய வயர் மொத்தம்), விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். செம்பு கடத்திறதில 60 வீதம் சொச்சம்தான் அலுமினியம் கடத்தும். பொனற்றில இருந்து டிக்கி வரை 5 மீற்றர் எண்டு வையுங்கோ, அம்ப் 60 அம்பியர் இழுக்குது எண்டும் வையுங்கோ. 8 கேஜ் செம்பில 0.6 வோல்ட் வழியிலயே போயிடும், அதே 8 கேஜ் சி.சி.ஏ எண்டால் ஒரு வோல்ட்டுக்குக் கிட்ட, 4 கேஜ் செம்பில கால் வோல்ட்தான். ஒரு வோல்ட் தானே எண்டு விடேலாது, 14 வோல்ட் வரவேண்டிய இடத்தில 13 வந்தால் சாதாரண அம்ப் ஒண்டின்ர சக்தி 14 வீதம் அளவில இறங்கும், பேஸ் அடிக்கிற நேரம் பாத்து லைற்றும் மங்கும். நல்ல பம் வாங்கி வைச்சிட்டு அரை இஞ்சி பைப்பால வெங்காயத்துக்கு இறைக்கிற வேலைதான் இது.

கடையில நிண்டே கண்டுபிடிக்கலாம். நுனியில ஒரு நூலை எடுத்து பிளேட்டால மெதுவாச் சுரண்டுங்கோ. வெளியால சிவப்பு, உள்ளுக்க வெள்ளை எண்டால் அது அலுமினியம். வெளியால வெள்ளை, சுரண்டச் சிவப்பு வந்தால் அது வெள்ளீயம் பூசின செம்பு, பயப்படாமல் வாங்கலாம், எங்கட ஊருக்கு அதுதான் ஆகத் திறம். ஏனெண்டால் பருத்தித்துறையோ காரைநகரோ பண்ணைப் பக்கமோ, உப்புக்காத்து படாத இடம் எங்களிட்டக் குறைவு. வெறும் செம்பே லக் (வயர் நுனி வளையம்) போட்ட இடத்தில பச்சை பிடிக்கும், அலுமினியம் எண்டால் மூட்டில ஒக்சைட் படிஞ்சு தடை கூடிச் சூடேறும். காசு கட்டாயம் காணாது எண்டால் சி.சி.ஏ போடுங்கோ, ஆனால் 8 கேஜ் தேவைப்படுற இடத்துக்கு 4 கேஜ் சி.சி.ஏ எண்ட கணக்கில போடுங்கோ.

பியூஸ் பற்றரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கோணும். அது அம்பைக் காப்பாத்த இல்லை, வயர் எங்கயாவது பொடியில உரசி ஷோர்ட் ஆனால் கார் எரியாமல் இருக்கத்தான், அதால அம்புக்குக் கிட்டப் பூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. கிறவுண்ட் வயரை பெயின்ற் சுரண்டின இரும்பில, அரை மீற்றருக்குள்ள, அதே மொத்த வயரால இறுக்குங்கோ. செற்றில இருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுவாற ஆர்.சி.ஏ வயரை பவர் வயர் போகாத மற்றப் பக்கத்தால கொண்டுபோங்கோ, இல்லாட்டி எஞ்சின் ஏத்த ஏத்த உய்ய் எண்டு சத்தம் வரும். பிறியஸ், அக்வா வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதில ஒரு லாபம் இருக்கு, கூடுதலான மொடல்களில 12 வோல்ட் பற்றரியே பின்பக்கம் எண்டபடியால் வயர் கட்டைதான்.

இனி அம்ப். மூடியில அடிச்ச வோட்ஸை நம்பாதேங்கோ, பக்கத்தில குத்தியிருக்கிற பியூஸைப் பாருங்கோ. 30 அம்பியர் பியூஸ் ஒண்டுதான் இருக்கு எண்டால் 30 தர 13.8, அதில 80 வீதம், 330 வோட்ஸ் கிட்ட. அதுக்கு மேல அந்த அம்பால தொடர்ந்து குடுக்கேலாது, 2000 எண்டு அடிச்சிருந்தாலும் சரி. கிளாஸ் டி மோனோ புளொக் (ஒரு சனல் மட்டும் உள்ள அம்ப்) ஒண்டா, பழைய கிளாஸ் ஏ.பி நாலு சனல் அம்பை பிறிட்ஜ் பண்ணி (ரெண்டு சனலை ஒண்டாச் சேத்து) போடுறதா எண்டு கேட்டால் சப்புக்கு மட்டும் எண்டால் கிளாஸ் டி தான், அது இழுக்கிற கரண்டில 80 வீதத்துக்கு மேல வூபருக்குப் போகும், ஏ.பி எண்டால் அரைவாசியும் கொஞ்சமும்தான் போகும், மிச்சம் சூடு, எங்கட சித்திரை வெயிலில மூடின டிக்கிக்குள்ள அந்தச் சூடு எங்க போறது? முன் ஸ்பீக்கருக்கும் சேத்து ஒரே அம்ப் வேணும் எண்டால் மட்டும் நாலு சனல் எடுங்கோ.

ஓம் கணக்கையும், அதாவது வூபரின்ர தடையையும், ஒருக்காப் பாக்கோணும். 4 ஓம் கொயில் ரெண்டு இருக்கிற டபிள் கொயில் வூபரை பரலலாப் போட்டால் 2 ஓம், சீரிஸில போட்டால் 8 ஓம், ஒரு ஓம் வூபரை அம்ப் தாங்குமோ எண்டு பாத்திட்டுத்தான் வாங்கோணும். அம்பில இருக்கிற கெயின் திருப்பி வொலியூம் திருப்பி இல்லை. வூபரைக் கழட்டிப்போட்டு, செற்றின்ர ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் சைபரில வைச்சு, வொலியூமை முக்கால்வாசியில விட்டு, 50 ஹேர்ட்ஸ் ரோன் ஒண்டைப் போட்டு, அம்பின்ர ஸ்பீக்கர் வாயில மல்ரி மீற்றரை ஏசி வோல்ட்டில பிடியுங்கோ. 300 வோட்ஸ் 2 ஓம் எண்டால் 24.5 வோல்ட், 4 ஓம் எண்டால் 34.6. கெயினை மெதுவாத் திருப்பி அதில நிப்பாட்டுங்கோ. அம்பை அதுக்கு மேல முறுக்கினால் கிளிப் ஆகும், அதாவது சத்த அலையின்ர தலை வெட்டுப்படும், கொயிலும் கூடச் சூடேறி எரியலாம்.

பெட்டிக்கு வருவம். சீல் பெட்டி எண்டால் காத்துப் போகாமல் முழுக்க மூடினது, போர்ட் பெட்டி எண்டால் காத்துப் போக ஒரு குழாய் வைச்சது. சீல் பெட்டி 12 இஞ்சிக்கு ஒரு கன அடி, ஒண்டேகால் போதும். போர்ட் பெட்டிக்கு ரெண்டு கன அடி அளவில வேணும், போர்ட்டின்ர நீளமும் கணக்காய் இருக்கோணும். போர்ட் பெட்டி ரியூன் பண்ணின ஹேர்ட்ஸுக்குக் கிட்ட 3 டெசிபெல் அளவு கூடக் குடுக்கும், அது அம்ப் சக்தியை ரெண்டு மடங்காக்கிற மாதிரி. ஆனால் அதுக்குக் கீழ வூபரைப் பிடிக்கக் காத்து இல்லை, கோன் கண்டபடி ஓடும், அந்தக் கீழ் சத்தத்தை வெட்டிற சப்சொனிக் பில்ரர் கட்டாயம். சீல் பெட்டி மெதுவா இறங்கும், ஒரு ஒக்ரேவுக்கு (ஹேர்ட்ஸ் அரைவாசியாகிற ஒவ்வொரு தரமும்) 12 டெசிபெல், போர்ட் எண்டால் 24. சின்னக் காருக்குள்ள கபின் தானாவே கீழ் பேஸைத் தூக்கிக் குடுக்கும், அதுவும் கிட்டத்தட்ட 12 டெசிபெல் வீதம்தான், அதால சீல் பெட்டி இறக்கிறதை கார் ஏத்திவிடும். அல்டோ, வகன் ஆருக்கு நான் சீல் பெட்டியைத்தான் சொல்லுவன். பேஸ் கிற்றாரின்ர அடி நரம்பு 41 ஹேர்ட்ஸ், அது இழுபடாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்கும், மிருதங்கத்தின்ர தொப்பியும் அப்பிடித்தான். ஹயருக்கு ஓடுற ஹயஸ் வான், கலியாண ஆக்களையும் கோயில் ஆக்களையும் ஏத்திக்கொண்டு குத்துப்பாட்டு போடுற வான் எண்டால் நிலைமை வேற, உள்ளுக்க இடம் பெரிசு, ஆக்கள் கனக்க, அங்க 35 ஹேர்ட்ஸில ரியூன் பண்ணின போர்ட் பெட்டிதான் சரி. பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப் அடர்த்தி, ஆனால் மாரிக்கு டிக்கிக்குள்ள தண்ணி ஒழுகினால் ஊதிப்போகும், நல்ல பிளைவூட் தாங்கும்.

டிக்கியில அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஏத்தவேண்டிய குடும்பக் காருக்கு சீற்றுக்குக் கீழ போடுற 8 இஞ்சி அக்ரிவ் சப் (அம்ப் உள்ளுக்கயே இருக்கிறது) ஒரு நல்ல வழிதான். வயர் மெல்லிசு போதும், அரை நாளில பூட்டலாம். நெஞ்சில இடிக்காது, ஆனால் கதவு ஸ்பீக்கரில இல்லாத அடி வந்து சேரும். சில ஹைபிரிட்டில சீற்றுக்குக் கீழயே பற்றரி இருக்கும், முதல்ல குனிஞ்சு பாருங்கோ. பழைய மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் வைச்சிருக்கிற ஐயாமாருக்கும் இதுதான் தோது. பழைய டைனமோ 20 அம்பியர் சொச்சம்தான் தரும், மாத்தாத காரில பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின்ர பிளஸ் பொடியில) வேற, அதைப் பாக்காமல் அம்பைக் குடுத்தால் அந்த நிமிசமே போயிடும்.

வீட்டுக்கு எண்டால் மூண்டு வழி. 5200, 1943 எண்ட ட்ரான்சிஸ்டர் போட்ட அசெம்பிள் அம்பும் பெட்டியும், கார் வூபரையும் கார் அம்பையும் கொம்பியூட்டர் பவர் சப்ளையில ஓட்டுறது, இல்லாட்டி ரெடிமேட் அக்ரிவ் சப். நடுவில உள்ளதை நான் விரும்பேல்லை, அந்தச் சப்ளை 12 வோல்ட்டில 20, 30 அம்பியரோட மூச்சு விட்டிடும், பேஸ் அடிக்க ஓஃப் ஆகும். அசெம்பிள் நல்ல கைகாரன் செய்தால் காசுக்குத் திறம், மேல் சத்தத்தை நிப்பாட்டிற லோ பாஸ் சேர்க்கிட் 80 ஹேர்ட்ஸில வெட்டுதோ எண்டு கேளுங்கோ. வெளிநாட்டு வீடுகள் மாதிரி பலகைச் சுவர் எங்களுக்கு இல்லை, சீமெந்துச் சுவர் பேஸை விழுங்காது, 12 அடி அறையில 47 ஹேர்ட்ஸ் தேங்கி நிண்டு கும்மெண்டும். வூபரை நீங்கள் இருக்கிற கதிரையில வைச்சு பாட்டைப் போட்டிட்டு, சுவரோரமாக் குனிஞ்சு நடவுங்கோ, எங்க பேஸ் சமனாக் கேக்குதோ அங்கதான் வூபரை வைக்கோணும். 50 ஹேர்ட்ஸ் ம்ம்ம் சத்தம் வந்தால் முதல்ல கேபிள் ரீவி வயரைக் கழட்டிப் பாருங்கோ. கனடாவில இருந்து ஆரும் சப் கொண்டுவந்து தந்தால் பின்னால 120 வோல்ட் மட்டும் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, அப்பிடியெண்டால் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் எங்கட 230இல குத்தவே கூடாது.