டர்பனுக்கு ஓட்டி வர எந்த ஊர் எம்எக்ஸ்-5?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் இருந்துகொண்டு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) தேடினால் கண்ணில் படுவது ஜோகன்னஸ்பர்க் அல்லது கேப் டவுன் வண்டிதான்.

ஜோகன்னஸ்பர்க் என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இருட்டுமுன் வீடு. கடல் உப்பு படாத மேட்டுநிலம், அதனால் துரு குறைவு. ஆனால் கோடை ஆலங்கட்டி மழை பானெட்டில் குழி போட்டிருக்கலாம். வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், தெரியும். வழியில் வரும் வான் ரீனன் மலைக் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இந்தக் குள்ள வண்டி, கொஞ்சம் பயம்தான்.

கேப் டவுன் 1,600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கார்டன் ரூட் என்ற கடலோரப் பகுதி அழகு, சரி. அப்புறம் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் நடுரோட்டில் மாடு நிற்கும். இரவில் ஓட்டவே கூடாது. கடற்கரை வண்டி என்பதால் கதவுக்குக் கீழே துருவையும் தேட வேண்டும்.

விலை பெரிதாகக் குறைந்தால் ஒழிய, நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம்தான்.