ஒரு சொட்டும் ஒழுகாத கசிவு: டீசல் காருடன் எட்டு ஆண்டுகள்

இந்த வண்டியை 2017 ஆகஸ்டில் வாங்கினேன். 2014 மாடல், டீசல். அப்போது 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று மீட்டரில் 1,46,000. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டிலிருந்து சேரன்மகாதேவிப் பக்கம் நான் இயற்பியல் நடத்தும் பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆகும். விடுமுறை வந்தால் கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீடு, ஆண்டில் இரண்டு மூன்று முறை மதுரை. நாலுவழிச் சாலையில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கிடைக்கிறது, ஊருக்குள் 16. கத்தரி வெயிலிலும் ஏ.சி. குறை வைக்கவில்லை. கிளட்ச் 1,10,000 கிலோமீட்டரில் மாற்றினேன். இவையெல்லாம் வயதான எந்த வண்டிக்கும் உள்ளவை. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை தீர்ந்ததுபோல் தோன்றித் தோன்றித் திரும்பி வந்த ஒரே ஒரு கோளாறைப் பற்றித்தான்.

காலை ஏழரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பத்து விநாடி, பதினைந்து விநாடி, மறுபடி ஒரு பத்து விநாடி. பிறகு இருமிக்கொண்டு எழும், கொஞ்சம் வெள்ளைப் புகை விடும், ஒரு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுவதும் தொந்தரவு இல்லை. மாலையில் பள்ளி வாசலில் ஒரே திருப்பில் எடுக்கும். வாரத்தில் ஒருநாள் இப்படி, அடுத்த வாரம் மூன்று நாள், அதற்கடுத்த இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. முதல் பாடவேளை எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் காத்திருக்கும்போது வீட்டு வாசலில் செல்ஃப் அடித்துக்கொண்டிருப்பது என்னை மிகவும் வருத்தியது.

முதலில் பேட்டரி மாற்றினேன். நான்கு வருடப் பழையது என்பதால் யாரைக் கேட்டாலும் அதையே சொன்னார்கள். இப்போது யோசித்தால், செல்ஃப் வேகமாகச் சுற்றும் வண்டிக்குப் பேட்டரி மாற்றியதில் பொருளே இல்லை. பேட்டரி இறங்கினால் என்ஜின் சுற்றுவதே திணறும். என் வண்டி சுற்றியது, பிடிக்கத்தான் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அன்றே கவனித்திருந்தால் ஆறாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். ஏப்ரலில் பேட்டரி போட்டேன். மே முழுவதும் கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். ஒருநாள்கூடக் கோளாறு இல்லை. பேட்டரிதான் காரணம் என்று நம்பிவிட்டேன். ஜூனில் பள்ளி திறந்த மூன்றாம் நாள் மறுபடி அதே கதை.

அடுத்து டீசல் ஃபில்டர். மாற்றிய அன்றே டேங்கையும் நிரப்பினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி.

அதன்பின் எங்கள் சந்தேகம் தண்ணீர் மேல் விழுந்தது. அப்படி விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள்கள் அவை. எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம். வண்டியை முந்தின நாளே பாளையங்கோட்டை மேட்டில் உள்ள சித்தி வீட்டில் விட்டிருந்ததால் அது தப்பியது. ஆனால் எத்தனையோ பெட்ரோல் பங்குகளின் நிலத்தடித் தொட்டிகளுக்கு மேல் தண்ணீர் நின்றது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

நம்பியதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது இயற்பியல் ஆசிரியைக்குத் தோன்றாமல் இருக்குமா? ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதன் வழியாக அரை லிட்டரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வைத்தேன். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. கலந்திருந்தால் தண்ணீர் கீழே தனி அடுக்காக நிற்கும். காலையில் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிவரைக்கும் ஒரே தேன் நிறம், கோடு எதுவும் இல்லை. வேறு இரண்டு பங்குகளில் டீசல் போட்ட பிறகும் இதையே செய்தேன். தண்ணீர் இல்லை. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. ஃபில்டரை இன்னொரு முறை மாற்றச் சொன்ன யோசனைக்குத்தான் மறுபடி ஆயிரத்து நூறு ரூபாய் ஆனது.

ஆகஸ்டில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டேன். ஸ்கேனரில் பி0087 என்ற எண் வந்தது. ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று அதற்குப் பொருள். காமன் ரெயில் என்ஜினில் இன்ஜெக்டர்களுக்குப் போகும் பொதுக் குழாயில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு) ஏறும்வரை கணினி டீசலைத் தெளிக்கவே விடாது. அழுத்தம் ஏறவில்லை என்றால் என்ஜின் பிடிக்காது. இதுவரை சரி. ஆனால் ஏன் ஏறவில்லை என்று அந்த எண் சொல்வதில்லை. அவர்கள் உயர் அழுத்தப் பம்ப் பழுது என்று முடிவுசெய்து, 92,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கூடவே மூன்றாவது முறையாக ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். பம்ப் பழுதாக இருந்தால் மாலையில் எப்படி ஒரே திருப்பில் எடுக்கிறது என்று கேட்டேன். திருப்தியான பதில் இல்லை. வண்டியைத் திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் சரியான வேலையைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் காலையில் நான்கு விவரம் எழுதினேன்: தேதி, எத்தனை விநாடியில் எடுத்தது, டீசல் முள் எத்தனை கோட்டில் இருந்தது, இரவு வண்டி எங்கே நின்றது. ஐந்து வாரம். கோளாறு வந்த நாள் ஒன்பது. ஒன்பதிலும் டீசல் கால் டேங்குக்குக் கீழே. ஒன்பதும் எங்கள் வீட்டு வாசலில். ஒரு வார இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் ரிசர்வ் விளக்கே எரிந்துகொண்டிருந்தபோதும் வண்டி உடனே எடுத்தது. அம்மா வீட்டுத் தெரு கைப்பலகைபோல் சமதரை.

எங்கள் வாசலில் என்ன விசேஷம்? வெள்ளத்துக்குப் பிறகு போர்ட்டிகோவை இரண்டடி உயர்த்திக் கட்டினோம். 2024 பிப்ரவரியில் வேலை முடிந்தது. இடம் குறுகல் என்பதால் முன்சக்கரங்கள் மேலேயும் பின்சக்கரங்கள் சரிவிலுமாகத்தான் வண்டி நிற்கும். கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி அளந்தேன். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஒன்றே கால் அடி உயரம். டேங்க் பின்சீட்டுக்கு அடியில், ஃபில்டர் பானட்டுக்குள். வேலை முடிந்தது பிப்ரவரி, கோளாறு தொடங்கியது மார்ச்.

நோட்டை எடுத்துக்கொண்டு தச்சநல்லூர்ப் பக்கம் சிறிய ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் நோட்டைப் புரட்டினார். ஒன்பது வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "டீச்சர், ஏர் எடுக்கிறது" என்றார்.

என் வண்டியில் டேங்குக்குள் மின்சாரப் பம்ப் கிடையாது. என்ஜினில் உள்ள பம்ப்தான் அவ்வளவு தூரத்திலிருந்தும் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. டேங்கிலிருந்து கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, அங்கிருந்து ஃபில்டர், அங்கிருந்து பம்ப். இந்த வழி முழுவதும் உறிஞ்சும் வழி. இளநீரை ஸ்ட்ராவில் குடிக்கும்போது ஸ்ட்ராவில் ஊசித்துளை இருந்தால் இளநீர் வெளியே கொட்டாது. காற்று உள்ளே வரும். அதேதான் இங்கேயும். அதனால்தான் ஆறு மாதமாக யார் பார்த்தபோதும் எந்த இணைப்பிலும் ஒரு ஈரம்கூடத் தென்படவில்லை. இரவில் வண்டி நிற்கும்போது, குழாயில் தொங்கும் டீசல் தன் எடையால் டேங்கை நோக்கி இறங்கப் பார்க்கிறது. காற்றுப் புக வழி இருந்தால் இறங்கியே விடும். ஒரு மீட்டர் உயரம் தொங்கும் டீசல் இழுக்கும் இழுப்பு வளிமண்டல அழுத்தத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அதற்குப் பத்து மணி நேரம் கிடைக்கிறது. டேங்கில் டீசல் குறைந்தால் தொங்கும் உயரம் கூடும், மூக்கை உயர்த்தி நிறுத்தினால் இன்னும் கூடும். காலையில் பம்ப் முதலில் விழுங்குவது காற்றை. காற்றை அமுக்கி 200 பார் ஏற்ற முடியாது.

"இனி எடுக்காத அன்றைக்குச் செல்ஃப் அடிக்காதீர்கள். பானட்டைத் திறந்து பல்பை அமுக்கிப் பாருங்கள்" என்றார். நான்கு நாளில் அந்தக் காலை வந்தது. கெட்டியாக இருக்க வேண்டிய பல்பு பஞ்சுபோல் அமுங்கியது. பதினெட்டு முறை அமுக்கியதும் இறுகியது. சாவியைத் திருப்பினேன். உடனே எடுத்தது. எஸ்டிமேட் தாளில் இருந்த பம்ப் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

இருந்தாலும் இப்படியே அமுக்கிக்கொண்டு ஓட்டலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. டீசலே அதற்கு மசகு. அடிக்கடி காற்றை விழுங்கினால் உள்ளே உலோகம் உராய்ந்து, அந்தத் தூள் இன்ஜெக்டர்வரை போகும். அப்போது 92,000 ரூபாய் உண்மையாகவே செலவாகும். அதேபோல் பம்புக்குப் பிறகு வரும் இரும்புக் குழாய்களை வீட்டில் யாரும் தளர்த்த வேண்டாம். ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

எங்கே துளை என்று கண்டுபிடிக்க அண்ணாச்சி ஒரு முழம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இணைத்தார். என்ஜின் ஓடும்போது அதில் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. குழாயைப் பல்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே மாற்றினார். அங்கேயும் குமிழி. பல்பைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது கழுத்தோரம் முடி இழைபோல் ஒரு வெடிப்பு தெரிந்தது. பத்து வருட என்ஜின் சூட்டில் ரப்பர் இறுகிப்போயிருந்தது. புதிய பல்பு போட்டதும் அந்த இடத்தில் குமிழி நின்றது. வேலை முடிந்தது என்று குழாயைக் கழற்றிவிட்டோம்.

இங்கே ஒரு தவறு நேர்ந்தது. குழாயை மறுபடி ஃபில்டருக்கு அந்தப் பக்கம் மாட்டிப் பார்க்கவில்லை. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் வண்டி நன்றாக ஓடியது. ஆனால் முந்தின வருட வெள்ளத்தின் பயத்தில் அந்த இரண்டு மாதமும் டேங்கை நிரப்பியே வைத்திருந்தேன். பொங்கல் முடிந்து, கால் டேங்குக்குக் கீழே வந்த முதல் காலையில் செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை.

இந்த முறை அண்ணாச்சி வேறு வழி சொன்னார். காற்று உள்ளே போகும் துளையின் வழியாக டீசலை வெளியே வரவைத்துவிட்டால் போதும். ஐந்து லிட்டர் கேனைப் பானட்டுக்கு மேலே உயரத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து ஃபில்டருக்கு நேராகக் குழாய் கொடுத்தார். இப்போது உறிஞ்சுதல் இல்லை, மேலிருந்து தள்ளுதல். இணைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டு அடியில் தினத்தாளை விரித்துவைத்து, ஒர்க் ஷாப்பை இரவு பூட்டினார். காலையில் நான் போனபோது தாளில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறை. அதற்கு நேர் மேலே, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் பிளாஸ்டிக் கனெக்டரின் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மாதமாகத் தேடியது அந்தச் சொட்டைத்தான்.

கனெக்டருக்குள் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, ஓரத்தில் சிறு வெட்டும் விழுந்திருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஃபில்டரை எத்தனை முறை மாற்றினீர்கள், டீச்சர்?" என்று கேட்டார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கனெக்டரை இழுத்துக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். முதல் கசிவு பல்பில் தானாக வந்தது. இரண்டாவதை நாங்கள் அவசரப்பட்டுச் செய்த ஃபில்டர் மாற்றங்களே உண்டாக்கியிருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டீசலுக்குத் தாங்கும் வைட்டான் ரப்பரில் இரண்டு ஓ-ரிங் வாங்கினோம், இரண்டும் சேர்த்து அறுபது ரூபாய். கடையில் கிடைக்கும் எல்லா வளையமும் இதற்கு ஆகாது. சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். அண்ணாச்சி கூலியாக ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு நானே சோதித்தேன். ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டி, அதே சரிவில் மூக்கை உயர்த்தி, தொடர்ந்து ஆறு இரவு நிறுத்தினேன். ஆறு காலையும் இரண்டு விநாடிக்குள் எடுத்தது. அது 2025 பிப்ரவரி. அதற்குப் பிறகு 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை காலையில் பல்பை அமுக்கிப் பார்க்கிறேன், கல்லுபோல் இருக்கிறது. நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் மீதி. பின்பக்கம் இடதுபுறம் வேகத்தடையில் ஏறும்போது மட்டும் ஒரு சத்தம் வருகிறது. அதை இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறேன்.