பிள்ளையின் மடியில் கம்பி எங்கே நிற்கிறது?

ரோலர்கோஸ்டர் வாசலில் இருக்கும் உயரப் பலகை ஒன்றைத்தான் சொல்கிறது: இதற்குக் குறைந்த உயரத்தை இந்த இருக்கை பிடித்து வைக்காது. பிள்ளை பயப்படுமா, கழுத்து தாங்குமா என்பதெல்லாம் பலகையில் இல்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பள்ளி விடுமுறைதோறும் பிள்ளைகளை அழைத்துப் போகும் குடும்பங்கள் பல வருடமாக ஏறி இறங்கியதில் தேறியவற்றைக் கீழே சொல்கிறோம்.

முதலில் மடிக்கம்பி, அதாவது உட்கார்ந்ததும் மடிமேல் இறங்கி ஆளைப் பிடித்து வைக்கும் கம்பி. சின்ன ரோலர்கோஸ்டர்கள் பலவற்றில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவருக்கும் ஒரே கம்பிதான். அப்பாவின் தொடையில் முட்டியதும் அது நின்றுவிடும்; ஐந்து வயதுப் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். பெட்டி மேட்டைத் தாண்டிச் சரியும்போது பிள்ளை இருக்கையை விட்டு எழும்புவது இதனால்தான். இப்படிப்பட்ட பெட்டியில் வீட்டிலேயே மெலிந்த பெரியவர் கூட ஏறட்டும். ஆளுக்கொரு கம்பி என்றால் கவலை குறைவு. கம்பி தொடையைத் தொட்டு இடுப்பை ஒட்டி நிற்க வேண்டும், வயிற்றில் அழுத்தக் கூடாது. மடியில் பை, தண்ணீர்ப் போத்தல் எதுவும் வேண்டாம், கம்பி முழுதாக இறங்காது. இயக்குபவர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்துகிறார் என்றால் அங்கே ஏறவே வேண்டாம்.

தடித்த அடிச் சப்பாத்து மாட்டி உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சப்பாத்து உயரத்தைக் கூட்டும்; தொடையைப் பருமனாக்காது.

அடுத்தது, யார் எந்தப் பக்கம் உட்காருவது. வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். பாதை பெரும்பாலும் இடப்பக்கம் திரும்புகிறது என்றால் வெளிப்பக்கமான வலது இருக்கையில் பெரியவர் உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் பெரியவரின் முழுப் பாரமும் பிள்ளைமேல் சாயும். வரிசையில் நிற்கும்போதே ஒரு சுற்றைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அப்படியே ஏறியிருப்பவர்களின் தலையையும் கவனியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கிலும் தலை பெரிது, கழுத்துத் தசை இளசு. தலைகள் பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஆடினால், வேகம் குறைவாக இருந்தாலும் அது சின்னப் பிள்ளைக்கு உகந்ததல்ல. நீண்ட இறக்கத்தைவிடச் சின்ன வட்டத்தில் சட்டென்று திரும்பும் வளைவுதான் கழுத்துக்குக் கெடுதி.

கடைசிப் பெட்டியை முன்பெட்டிகள் இழுத்துப் போவதால் அது மேட்டை வேகமாகத் தாண்டும். வயிறு தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். முதல் முறை ஏறும் பிள்ளைக்கு நடுப்பெட்டி நல்லது.

சங்கிலியில் ஏறும் பாதையில் கேட்கும் 'டக் டக்' சத்தம், பெட்டி பின்னால் வழுக்காமல் தடுக்கும் பல்லின் சத்தம். இறக்கத்துக்கு முன்பே பல பிள்ளைகளை அழ வைப்பது இதுதான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மோட்டாரிலேயே ஓடும் ரயில் வகையில் இந்தச் சங்கிலி ஏற்றமும் இல்லை, பெரிய சரிவும் இல்லை. பாலர் பள்ளி வயதுக்கு அதுவே போதும். ஒரே பாதையை இரண்டு மூன்று முறை சுற்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், முதல் சுற்றில் அழுதால் நடுவில் இறக்க மாட்டார்கள்.

2012இல் இஸ்கண்டார் புத்ரியில் திறந்த லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் சின்ன ரோலர்கோஸ்டரான 'டிராகன்ஸ் அப்ரெண்டிஸ்' முதலில், பெரியதான 'தி டிராகன்' பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். பெரியது கோட்டைக்குள்ளே மெதுவாக ஊர்ந்துவிட்டுத்தான் வெளியே வேகமெடுக்கும். வேகத்துக்கு அஞ்சாத பிள்ளையும் இருட்டுக்கு அஞ்சும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போகிறவர்களுக்கு, 'என்சாண்டட் ஏர்வேஸ்' 92 செ.மீ. முதல்; 'புஸ் இன் பூட்ஸ்' 100 செ.மீ. முதல். பின்னதில் பெட்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும், அதனால் முன்னதில் சிரித்த பிள்ளையைத்தான் அதில் ஏற்றலாம். 'மம்மி' 122 செ.மீ. கேட்கிறது, பிள்ளை அந்த உயரத்தை எட்டினாலும் அவசரம் வேண்டாம், அங்கே இருட்டும் வேகமும் சேர்ந்தே வரும்.

கோயில் திருவிழாவை ஒட்டித் திடலில் இறங்கும் ஃபன்ஃபேருக்கு (சில நாளுக்கு மட்டும் ராட்டினங்களைப் பூட்டி நடத்தும் கேளிக்கைச் சந்தை) வேறு கண் வேண்டும். தூண்களுக்கு அடியில் கொடுத்த மரக்கட்டைகளைப் பாருங்கள். மழை பெய்த திடலில் மண் இளகி ஒரு பக்கம் அமுங்கும். கட்டைக்கும் தூணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ஏற்றாதீர்கள். மூட்டுகளில் பின் குத்திக் கிளிப் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். கிளிப்புக்குப் பதில் ஆணியோ முறுக்கிய கம்பியோ இருந்தால் திரும்பிவிடுங்கள். பாவாடை தாவணி, துப்பட்டா, அவிழ்ந்த பின்னல் எல்லாவற்றையும் ஏறும் முன்னரே இறுக்கிக் கட்டுங்கள், சக்கரம் கால்பக்கத்திலேயே ஓடுகிறது.

ஜொகூரில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் கண்டால் வெளிப்புற ரோலர்கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள், எனவே அவற்றைக் காலையிலேயே முடியுங்கள். வயிறு நிறைய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) தந்த கையோடு ஏற்ற வேண்டாம். பட்டினியும் வேண்டாம், குமட்டும். இறங்கியதும் பிள்ளை பேச்சில்லாமல், முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தால் நிழலில் உட்கார வைத்துத் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முகம் தெளிந்த பிறகும், சுற்றிச் சுழலும் ராட்டினம் அன்றைக்கு வேண்டாம்.