விமானக் கதவு வரை வந்த மடக்கு ஸ்ட்ரோலர்

நான்கு வயது மகள், ஒன்றரை வயது மகன் இருவருடனும் தீம் பார்க் விடுமுறைக்கு விமானத்தில் போவதற்காகவே இந்தக் குழந்தைத் தள்ளுவண்டியை வாங்கினோம். எடை ஏழு கிலோவுக்கும் குறைவு. மகன் இடுப்பில் இருக்கும்போதே ஒற்றைக் கையால் மடக்கிவிடலாம்; அதற்கே முழு மதிப்பெண் தருவேன்.

விமானக் கதவு வரை தள்ளிச் சென்று, அடையாளச் சீட்டு ஒட்டி ஒப்படைத்தோம். விமானம் தரையிறங்கும்போது மகனுக்குப் பால் கொடுத்தேன். விழுங்க விழுங்கக் காதடைப்பு விலகும். ஆனால் கதவருகே திரும்பத் தரவேண்டிய ஸ்ட்ரோலரைப் பெட்டிகளோடு அனுப்பிவிட்டார்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்தே அவ்வளவு தூரமும் நடந்தேன். முன்சக்கரம் ஒன்று கோணியிருந்தது. வண்டியை மூடிவைக்க உறைப்பை ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

இதன் அருமை பூங்காவில்தான் தெரிந்தது. மகளின் உயரம் 98 சென்டிமீட்டர். அவள் ஆசைப்பட்ட ரோலர் கோஸ்டருக்கு 102 வேண்டும். அளவுகோலின் கீழ் குதிகாலை உயர்த்தி நின்றாள், பாவம். உதடு பிதுங்கி அழுதவளை இதில் சாய்த்து, வெயில் மறைப்பை இழுத்துவிட்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்தபடியே உறங்கிப்போனாள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் கால் இடிக்காத அளவுக்கு இருக்கை நீளம்.

இருக்கைக்கு அடியிலுள்ள பை மட்டும் சிறியது. டயப்பர் கட்டு வைத்தால் தண்ணீர்ப் புட்டிக்கு இடமில்லை.