பெட்டியில் வருடத்தைப் போடுங்கள்: ஏழு வருடம் ஆடிய சாமான்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் நாங்கள் ஐந்து பேர் 2018 முதல் டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. எங்களில் ஒருவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில்தான் ஆட்டம் விடாமல் நடக்கும். வாங்கிய சாமான்களில் எது நின்றது, எது வீணானது என்று சொல்கிறேன்.

பகடை செட்டில் ஏழு இருக்கும். விதிப் புத்தகத்தின் 2000இல் வந்த மூன்றாம் பதிப்புக்கும் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கும் அதே ஏழுதான். 'புதுப் பதிப்புக்கு' என்று ஒட்டி விலையைக் கூட்டினால் கொடுக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பில் இருபது முகப் பகடையை அடிக்கடி இரண்டாக உருட்ட வேண்டியிருக்கும், அதை மட்டும் கூடுதலாக ஒன்று வாங்குங்கள். உலோகப் பகடை நம் கரைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாவது மழைக்காலத்திலேயே முலாம் பொரிந்து, எண் வெட்டிய பள்ளத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பிளாஸ்டிக் செட் இன்னும் புதுசு போல இருக்கிறது.

கட்டம் போட்ட வினைல் விரிப்பும் அப்படித்தான், எல்லாப் பதிப்புக்கும் ஓடும். ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடி. கச்சான் காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் நாலு மூலையிலும் கல் வைத்தால் போதும். பாத்திரங்களைக் காட்டும் பொம்மைக்குப் பதில் பாட்டியின் தாயச் சோழிகளை நிறுத்துகிறோம்.

மனசு நொந்தது, ஒவ்வொரு மந்திரத்தின் விதியையும் அச்சிட்ட மந்திர அட்டைகளில்தான். 2024இல் திருத்திய விதிப் புத்தகம் வந்த பிறகு, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஐந்தாம் பதிப்பு'. உள்ளே 'கியூர் வூண்ட்ஸ்' என்ற காயம் ஆற்றும் மந்திரத்தின் அட்டையில் ஒரு எட்டு முகப் பகடை, புதுப் புத்தகத்திலோ இரண்டு! சாகக் கிடந்த வீரனுக்கு எதை உருட்டுவது என்று அரை மணி நேரம் பேச்சு. ஆட்டத்தை நடத்துகிறவர் முன்னால் நிறுத்தும் விதித் தட்டியான பழைய டிஎம் ஸ்கிரீனிலும் இதே கதை. களைப்புக்கு அதில் ஆறு வரி அட்டவணை இருக்கிறது. புது விதியில் ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடையின் எண்ணில் 2, வேகத்தில் 5 அடி குறையும், ஆறாவது நிலையில் சாவு, அவ்வளவுதான்.

அட்டைகளைத் திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, "பெட்டியில் போட்டது சரிதானே" என்றார் விற்பனையாளர். உண்மைதான், 2024 புத்தகத்துக்கு ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தேவை அந்தப் பெயர் இல்லை, வருடம். விதி அச்சிட்ட சாமானில் 2014 அல்லது 2024 என்று போடட்டும். விதியே இல்லாத பகடையிலும் விரிப்பிலும் 'எந்தப் பதிப்புக்கும்' என்று தைரியமாகப் போடலாம். பழைய பதிப்பு ஆடுகிறவர்களும் வாங்குவார்கள், வியாபாரமும் கூடும்.

இப்போதெல்லாம் அட்டை வாங்கும் முன் 'கியூர் வூண்ட்ஸ்' படத்தை அனுப்பச் சொல்கிறேன். ஒரு பகடை என்றால் பழசு, இரண்டு என்றால் புதுசு.