வீடு நிறைய ஆள் இருந்தும்: கசியோப்போவின் புத்தகம், ஒரு மருந்துக்கடைக்காரரின் பார்வையில்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு மூளை ஆராய்ச்சிப் புத்தகம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கடைக்கு வரும் ஆச்சிமாருக்காகத்தான். மாதத்துக்கு வேண்டிய பிரஷர் மாத்திரையை மொத்தமாக வாங்க அவர்களிடம் பணம் இருக்கிறது. ஆனாலும் ஒரு அட்டைதான் வாங்குவார்கள், அப்புறம் அரைமணி நேரம் பேசுவார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். உள்ளே பாதி அறைகளில் பங்காளிகளின் பூட்டு.

ஜான் கசியோப்போ, வில்லியம் பேட்ரிக்குடன் சேர்ந்து எழுதிய 'லோன்லினெஸ்' (தனிமை உணர்வு) 2008ல் வந்தது. கசியோப்போ 1951ல் டெக்சாஸில் பிறந்தவர். முதலில் பொருளாதாரம் படித்தார். பிறகு உளவியலுக்கு வந்து 1977ல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். நாம் ஒரு பேச்சை எப்போது யோசித்து ஏற்கிறோம், எப்போது பேசுபவரின் தோரணையைப் பார்த்தே தலையாட்டிவிடுகிறோம் என்று ரிச்சர்ட் பெட்டியோடு சேர்ந்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். விளம்பரம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அது பாடம். முகத் தசைகளில் மின்முனை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத சுளிப்பையும் சிரிப்பையும் அளந்தார். 1992ல் கேரி பெர்ன்ட்சனும் இவரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'சமூக நரம்பியல்', அதாவது மனித உறவுகளை மூளையோடு சேர்த்து ஆராய்வது, ஒரு துறையாகப் பேசப்பட ஆரம்பித்தது. 1999 முதல் சிகாகோ பல்கலைக்கழகம். 2018 மார்ச்சில் காலமானார்.

புத்தகத்தின் அடிப்படை வாதம், தனிமை உணர்வும் பசி மாதிரி உடல் அடிக்கும் மணி என்பது. சோறு தேடு என்று பசி சொல்கிறது; ஆளைத் தேடு என்று இது சொல்கிறது. வெறுங்காடாகக் கிடந்த நிலத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தவன் பிழைக்க முடியாது, அதனால் அந்த மணி நமக்குள்ளேயே இருக்கிறது. சரி, இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த பகுதியில். அந்த மணி நெடுநாள் நிற்காமல் அடித்தால் மனம் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறதாம். எங்கே அவமானம், எங்கே துரோகம் என்று தேட ஆரம்பிக்கிறது. நல்ல வார்த்தையிலும் குத்தலைக் காண்கிறது. பக்கத்தில் எத்தனை பேர் என்ற கணக்குக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை.

போன தையில் ஒரு ஆச்சி வீட்டில் பேரனுக்குக் கல்யாணம். வளவு கொள்ளாத கூட்டம், மூன்று பந்தி. எல்லோரும் கிளம்பிய மறுநாள் கடைக்கு வந்து, "வந்தவுக எல்லாம் வீட்டை விக்கிறதப் பத்திப் பேசத்தான் வந்தாக தம்பி" என்றார். அப்படி யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் குணமே அப்படி என்று ஊரில் சொல்வார்கள். கசியோப்போவின் ஹிப்னாஸிஸ் சோதனையைப் படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே மாணவர்களைத் தனிமையாக உணர வைத்து ஒரு முறையும், உறவோடு இருப்பதாக உணர வைத்து ஒரு முறையும் அளந்தார்கள். தனிமை ஏறியபோது பதற்றமும் கோபமும் கூடின, நம்பிக்கை குறைந்தது. ஆள் அதே ஆள்தான்.

தூக்கம் பற்றிய பகுதியை டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். தனிமையாக உணர்கிறவர்களும் மற்றவர்கள் அளவுக்கே தூங்குகிறார்கள், ஆனால் அடிக்கடி விழித்துக்கொள்கிறார்கள். பிரஷரும் அப்படித்தான். 2002ல் சிகாகோ பக்கம் 50 முதல் 68 வயது வரையுள்ள 229 பேரை எடுத்துக்கொண்டு, ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் தனிமை கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாட்களில் ரத்த அழுத்தம் அதிகம் ஏறியது என்று, புத்தகம் வந்த பிறகு, 2010ல் வெளியிட்டார்கள். என் கடையின் வியாபாரமே அதில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் குரங்கும் பரிணாமமும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, நான் தாவிவிட்டேன். கடைசிப் பகுதியில் நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒரு வைத்தியம் சொல்கிறார், கம்பெனிப் பயிற்சி வகுப்பு வாடை. அதில் முதல் படி மட்டும் உருப்படி: பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல் சின்னதாக யாருக்காவது உதவ ஆரம்பி. அதே ஆச்சி இப்போது எதிர்வீட்டுப் பெண்களுக்குப் பனையோலைக் கொட்டான் பின்னச் சொல்லித்தருகிறார். புத்தகம் பார்த்து யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக நடந்தது. மாத்திரை இன்னும் ஒரு அட்டைதான், ஆனால் வீடு விற்கிற பேச்சு குறைந்திருக்கிறது. அந்தப் பெண்கள் ஓலையை வீணாக்குகிறார்கள் என்பதுதான் இப்போது புகார்.

"வேலைக்கு ஆள் போட்டாச்சு, கேமரா வச்சாச்சு, அப்புறமும் அம்மா ஏன் இப்படி?" என்று வெளிநாட்டிலிருந்து எனக்குப் போன் செய்யும் பிள்ளைகள் வாங்க வேண்டிய புத்தகம் இது. முதல் பகுதியை முழுதாகப் படியுங்கள், நடுவில் புரட்டுங்கள். ஆச்சிக்குப் பரிசாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதையும் குத்தல் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஐந்துக்கு நான்கு.