டிஸ்னி இளவரசிப் படங்கள்: அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு ஏழு வயது. அவளுக்காக ஒரு மாதச் சந்தா கட்டி, 1937இல் வந்த ஸ்னோ ஒயிட்டில் ஆரம்பித்து டிஸ்னியின் இளவரசிப் படங்களை வரிசையாக ஓட்டினோம். (எந்த ஆப் என்று கேட்காதீர்கள், சரியாக டிராகன் வரும் நேரத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும்.)

ஸ்னோ ஒயிட் வீடு பெருக்குகிறாள், ஏழு பேருக்குச் சமைக்கிறாள், இளவரசன் வருவான் என்று பாடுகிறாள். சரி, தெரிந்த கதை. 1959இல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டியில் கதாநாயகி அரோரா மொத்தமே சுமார் 18 நிமிடம்தான் திரையில் இருக்கிறாள், தூங்கி எழுந்த பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. "ஏன் சித்தி, அவளுக்குத் தொண்டை கட்டிடுச்சா?" என்றாள் குட்டி. ஆனாலும் அந்தப் படத்தை இழுத்துப் போவதே பெண்கள்தான். மூன்று தேவதைகள் கவுனுக்கு நீலமா ரோஸா என்று கடைசி வரை அடித்துக்கொள்கிறார்கள், அதற்கு நடுவில் சிறையில் கிடக்கும் இளவரசனை மீட்டு வாளையும் கேடயத்தையும் கையில் கொடுத்து அனுப்புவதும் அவர்கள்தான். வில்லியும் பெண்.

என் கோபமெல்லாம் 1989இலிருந்து வந்த படங்கள் மேல்தான், நாங்கள் சின்ன வயதில் "என்ன தைரியமான பொண்ணு" என்று கைதட்டிய அதே படங்கள். லிட்டில் மெர்மெய்டில் ஏரியல், 16 வயதில், கால் கிடைப்பதற்காகக் குரலை விற்கிறாள். நிலத்து ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது என்று சூனியக்காரி அவளிடம் பாடியே காட்டுகிறாள். கார்மன் ஃபாட், கரேன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இந்தப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். ஸ்லீப்பிங் பியூட்டி வசனத்தில் 71 சதவீதம் பெண்களுடையது. லிட்டில் மெர்மெய்டில் 68 சதவீதம் ஆண்களுடையது, அலாதீனில் 90. முலான் ஒரு நாட்டையே காப்பாற்றுகிறாள், அதிலும் ஆண்களுக்கு 77! காரணம் ரொம்பச் சின்னது: நண்டு, கடற்பறவை, மெழுகுவத்தி, கடிகாரம், டிராகன் என்று சுற்றி வருகிற அத்தனையும் ஆண் குரல். கதாநாயகி மட்டும் பெண்ணாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

2013இன் ஃப்ரோசன் எனக்குப் பிடிக்கும். ஜெனிபர் லீ இணை இயக்குநர், உயிர் காக்கிற அன்பு அக்கா தங்கைக்குள் நடக்கிறது, முத்தத்தில் இல்லை. ஆனால் அதிலும் பெண்கள் பேசுவது 41 சதவீதம்தான். அப்புறம் ஒரு காட்சியை நிறுத்தி தங்கை அன்னாவின் கண்ணை விரலால் அளந்து, அதே விரலை மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கண்தான் பெரிது. ஃப்ரோசன் 2 தமிழில் அக்கா எல்சாவுக்கு சுருதிஹாசன் குரல், அன்றைக்கு மட்டும் "என்ன சொல்றா, என்ன சொல்றா" தொல்லை இல்லாமல் நிம்மதியாகப் பார்த்தோம்.

எல்லாவற்றிலும் நான் முழு மார்க் போடுவது 2012இல் வந்த பிரேவ் படத்துக்கு. அம்மா மகள் சண்டைதான் கதை. கல்யாணம் இல்லாமலே படம் முடிகிறது, வசனத்தில் 74 சதவீதம் பெண்களுடையது. இதிலும் டிஸ்னி சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடமே வில்லும் அம்புமாகத் திரியும் கதாநாயகி மெரிடாவை இளவரசிகள் வரிசையில் சேர்க்கும்போது இடுப்பைக் குறைத்து, மினுமினு கவுன் மாட்டி, வில்லைப் பிடுங்கிவிட்டு ஒரு புது ஓவியம் வெளியிட்டார்கள். அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய பிரெண்டா சாப்மேனே எதிர்த்துப் பேசினார், இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்தும் சேர்ந்தது. அதனால் படத்தைப் போட்டுக் காட்டுங்கள், பொம்மை கேட்டால் மட்டும் பெட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் பொம்மை கேட்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, ரப்பர் பேண்ட் மாட்டி, அவளே வில் செய்துகொண்டாள். இப்போது பெருக்குவதற்குத்தான் ஈர்க்கு போதவில்லை.